அச்சில் வந்த உயரம்

உக்காருங்க அம்மிணி. அந்த பெஞ்சு வேண்டாம், டியூஷன் பசங்க உக்காந்து உக்காந்து ஆணி கிளம்பியிருக்குது, சேலையைக் கிழிச்சுப் போடும். இப்படி நாற்காலியில உக்காருங்க. காப்பி கலக்கியாச்சு, குடிச்சுட்டே பேசலாம். எங்கக்கா வீட்டுக் காப்பியைவிட நல்லா இருக்கும், அதை மட்டும் நான் அடிச்சுச் சொல்லுவேன். சின்னவ வீட்டுல மெசின் வெச்சுப் போடறாங்க, அந்தளவுக்கு வராது.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. பழைய மாணவருங்க எல்லாம் சேந்து எங்கப்பாவுக்கு விழா எடுக்கறீங்க, வர்ற ஞாயித்துக்கிழமை, மண்டபத்துல. சென்னியப்பன் வாத்தியார்கிட்ட இங்கிலீஷ் படிச்சவங்க எங்கெங்க இருக்காங்களோ அத்தனை பேரும் வர்றாங்க. எல்லாம் சரி. அதுல எங்க மூணு பேரையும் மேடையில வரிசையா நிறுத்தி, கீழ உக்காந்திருக்கற எல்லாரும் அந்தப் பாடத்தைக் கோரஸாச் சொல்லணும்னு, விழாவை நடத்தற வேலுச்சாமி ஏற்பாடு பண்ணியிருக்காப்ல. போன்ல சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாப்ல. நான் நிக்கமாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். ஆம்பளை சொன்னா இவ கேக்கமாட்டான்னு இப்ப உங்களை அனுப்பியிருக்காங்க.

இருங்க இருங்க, நீங்க அப்புறம் சொல்லுங்க. நான் ஏன் மாட்டேங்கறேன்னு முதல்ல கேட்டுக்கங்க. கேட்டுட்டு நிக்கலாம்னு நீங்க சொன்னா நான் நிக்கறேன்.

நீங்க எந்த வருசம் இங்க படிச்சீங்க? தொண்ணூத்தஞ்சா. அப்ப நோட்ஸ்ல பார்த்திருப்பீங்க, எங்களை நேர்ல நிக்க வெச்சுப் பார்த்திருக்கமாட்டீங்க. ரோஸ் கலர் அட்டை, முதல் பாடமே அதுதான். ருக்குமணி இஸ் டால். தேவகி இஸ் டாலர் தேன் ருக்குமணி. சுகந்தி இஸ் தி டாலஸ்ட் ஆஃப் ஆல். இன்னும் ஞாபகம் இருக்குதா? இருக்குமுங்க. ஊருக்கே இருக்குது. மருந்துக்கடையில பேர் சொன்னா, நோட்ஸ்ல வர்ற தேவகியான்னு கேக்கறாங்க. என்னது, படிக்கறப்ப நாங்க நிசமான ஆளுங்கன்னே உங்களுக்குத் தெரியாதா? சும்மா எழுதின பேருன்னு நினைச்சீங்களா?

நிசம்தாங்க. பெரியவ ருக்குமணி. நடுவுல நான் தேவகி. சின்னவ சுகந்தி.

அப்பா கெட்ட வாத்தியார் இல்லீங்க, அதை நான் சொல்லமாட்டேன். இந்தத் தாராபுரத்துல அவரைவிட நல்லா இங்கிலீஷ் சொல்லித்தர ஒருத்தரும் இருந்ததில்ல. உயரம்னு போர்டுல எழுதினா நாளைக்கே மறந்துருவாங்க, உயரத்தைக் கண்ணால பார்த்தா சாகற வரைக்கும் மறக்கமாட்டாங்கன்னு சொல்லுவாரு. அதுக்குத்தான் எங்களை நிறுத்தினது. இதே முன்கூடம்தான். இங்க நாப்பது பசங்க பாய் விரிச்சு உக்காந்திருப்பாங்க. அந்தப் பாடம் வர்ற அன்னிக்கு உள்ளார பார்த்துக் கை தட்டுவாரு. நாங்க மூணு பேரும் செய்யற வேலையைப் போட்டுட்டு வந்து போர்டுக்கு முன்னால வரிசையா நிக்கணும். அவரு பிரம்பால ஒவ்வொரு தலையாத் தொட்டுக் காட்டுவாரு. பசங்க கத்துவாங்க. டால், டாலர், டாலஸ்ட். ஒரு பேட்ச் முடிஞ்சா அடுத்த பேட்ச். வருசத்துக்கு ஒருக்கான்னு நினைக்காதீங்க. பரீட்சை நெருங்கினா வாரத்துக்கு மூணு நாள் நிப்போம்.

எல்லாரும் சின்னப் பிள்ளைகளா இருந்தப்ப ருக்குமணிதான் உசரம், அப்புறம் நான், அப்புறம் சுகந்தி. பொறகு சுகந்தி எங்கம்மா வழியைக் கொண்டு கிடுகிடுன்னு வளந்தா. பதினோரு வயசுலயே பனைமரம். ருக்குமணி அப்பா வழி, அஞ்சடிக்கு மேல போகலை. வரிசை அப்படியே தலைகீழாப் போச்சு. பாருங்க, எந்தப் பக்கம் திருப்பினாலும் நான் மட்டும் நடுவுல. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கறது எனக்குத்தான் சொன்னது.

அதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது எண்பத்தி நாலாம் வருசத்துக் கதை.

அந்த வருசம் மார்ச்சுல அப்பா நோட்ஸை அச்சுக்குக் கொடுத்தாரு. அதுவரைக்கும் கையில எழுதி எழுதிக் குடுத்துட்டு இருந்தது. சித்திரையில அச்சாகி வந்துச்சு. கூடமெல்லாம் கட்டுக் கட்டா அடுக்கி வெச்சிருந்தோம், அந்த மை வாசத்துல அம்மாவுக்குத் தலைவலியே வந்துச்சு. அப்பா ஒரு நோட்ஸை எடுத்து சாமி படத்துக்கு முன்னால வெச்சாரு. அவரு அப்படிச் சிரிச்சு நான் அதுக்கு முன்னாலயும் பார்த்ததில்ல, பின்னாலயும் பார்த்ததில்ல.

எனக்கு அப்ப பதிமூணு முடிஞ்சு பதினாலு. அந்தக் கோடை லீவுல நான் என்ன பண்ணினேன்? ஒண்ணுமே பண்ணலைங்க. வளந்துட்டேன். தின்ன சோறெல்லாம் காலுக்குப் போச்சாட்டம். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்து, டியூஷன்ல முதல் பாடம். அப்பா கை தட்டினாரு, நாங்க வந்து நின்னோம். பிரம்பை எடுத்து ருக்குமணி தலையைத் தொட்டாரு. என் தலையைத் தொட்டாரு. சுகந்தி தலைக்குப் போன பிரம்பு கீழ இறங்குச்சு. நான் அவளைவிட ரெண்டு விரக்கட உசரம். நாப்பது பசங்களும் பார்த்துட்டாங்க. பின்னால ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான்.

அன்னிக்குப் பாடத்தை நிறுத்திப்போட்டு வேற பாடம் எடுத்தாரு. சாயந்திரம் என்னைக் கூப்பிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமுங்க. மொதல் தடவையா நான் கடைசியில போயி நிக்கப் போறேன், டாலஸ்ட்னு என் தலையைத் தொடப் போறாருன்னு நினைச்சுட்டே போனேன். அவரு ரொம்ப அன்பாத்தான் பேசினாரு. தலையைத் தடவிக் குடுத்தாரு.

"கண்ணு, அச்சுல வந்துருச்சு. இனி மாத்த முடியாது. நீ நிக்கறப்ப முட்டியை மட்டும் லேசா மடக்கிக்க."

அவ்வளவுதான். கோவமா சொல்லியிருந்தாக்கூட எதுத்துப் பேசியிருப்பேன். அன்பாச் சொன்னா என்னங்க பண்ண முடியும்? மடக்கிக்கிட்டேன்.

ஆனா நான் அப்ப முட்டிக்கு மேல பாவாடை கட்டிட்டு இருந்தேன். மடக்கினாத் தெரியுமில்ல. அதுக்கு அப்பாவே ஒரு வழி சொன்னாரு. பாதம் வரைக்கும் நீளப் பாவாடை தைச்சுப் போடச் சொன்னாரு அம்மாகிட்ட. அம்மாவும் அவங்க கூறைச்சேலை போக மிச்சமிருந்த நல்ல பட்டு ஒண்ணை வெட்டித் தைச்சுப் போட்டாங்க. நீளப் பாவாடைக்குள்ள முட்டி மடங்கறது யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியலை. நோட்ஸ் சரியா இருந்துச்சு.

நின்னு பாருங்க அம்மிணி, ஒரு நாள் நின்னு பாருங்க. நிக்கறதும் இல்லாம உக்கார்றதும் இல்லாம முக்கா மணி நேரம். தொடை நடுங்கும். முகத்துல காட்டக்கூடாது. இன்னிக்கு எனக்கு மூட்டு வலி, டாக்டர் வயசாகிருச்சும்மாங்கறாரு. எங்கக்காவுக்கும் மூட்டு வலிதான், ஆனா என்னுதுக்குப் பாதி இருக்காது.

சரி, அதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்லை. திடீர்னு ஒரு புள்ளை நீளப் பாவாடை கட்டினா ஊர்ல என்ன நினைப்பாங்க? சொல்லுங்க. அதேதான். எதுத்த வீட்டம்மா எங்கம்மாகிட்ட வந்து, "ஏனுங்க, தேவகி பெரியவளாயிட்டாளா, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லை"ன்னு கேட்டுச்சு. அம்மா இல்லைன்னு சொல்லியிருக்கோணும். ஏன் நீளப் பாவாடைன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? சிரிச்சு மழுப்பிட்டாங்க. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பத்தே நாள்ல பேச்சு வெள்ளகோயில்ல இருக்கற எங்க மாமன் காதுக்குப் போயிருச்சு.

மாமன் மாட்டு வண்டியில வந்து இறங்கினாரு. கையில சீர்த்தட்டு இல்லை, முகத்துல சிரிப்பு இல்லை. வாசல்லயே நின்னுட்டாரு. "தாய்மாமன் நான் உசுரோட இருக்கறேன். என்ற மருமக பெரியவளானதை ஊரான் சொல்லித் தெரிஞ்சுக்கறேன். இந்த வீட்டுல நான் தண்ணி குடிக்கமாட்டேன்"னாரு. அம்மா அழுதுட்டாங்க. அழுதுட்டே அப்பாவைப் பார்த்தாங்க. நானும் அப்பாவைத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இல்லீங்க மச்சான், முட்டி தெரியாம இருக்கத் தைச்ச பாவாடைன்னு. உள்ள கூடத்துல பசங்க வேற உக்காந்திருக்காங்க, எல்லாம் காதைத் தீட்டிட்டு.

அப்பா தொண்டையைக் கனைச்சுட்டுச் சொன்னாரு. "தப்புத்தானுங்க மச்சான். நாள் பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டோம்."

அப்புறம் என்ன? திரட்டிச் சீர் நடந்துச்சு. பச்சை ஓலையில குடிசை கட்டினாங்க, உக்கார வெச்சாங்க, தண்ணி ஊத்தினாங்க. மாமன் ஒம்பது தட்டு கொண்டாந்தாரு. ருக்குமணிக்குக்கூட ஏழு தட்டுதான். நான் ஒண்ணுமே ஆகாம உக்காந்திருக்கறேன். வந்த பொம்பளைங்க எல்லாம் கன்னத்தை வழிச்சு முறிச்சுட்டுப் போறாங்க. திருட்டு முழி முழிச்சுட்டு இருந்தேன், வெக்கம்னு நினைச்சுக்கிட்டாங்க. போட்டோக்காரரு மூணு பேரையும் சேத்து நிக்கச் சொன்னாரு. அப்பா அவருக்குப் பின்னால நின்னு எனக்குக் கையைக் காட்டினாரு, இப்படி, கீழ கீழன்னு. மாலையும் கழுத்துமா நான் முட்டியை மடக்கிட்டு நின்னேன். அந்தப் போட்டோ உள்ள இருக்குது, நான் எடுத்துக் காட்டமாட்டேன்.

நிசமா வந்தது தை மாசமுங்க. பொங்கல் கழிஞ்சு நாலாம் நாள். அம்மாகிட்டப் போய்ச் சொன்னேன். அவங்க என் வாயைப் பொத்தினாங்க. முறையெல்லாம் முடிஞ்சு போச்சு, இப்பப் போயி வெளிய தெரிஞ்சா மாமன் நம்மளை வெட்டிப் போட்டுருவாரு, சத்தம் காட்டாதேன்னு ஒரு பழைய சேலையைக் கிழிச்சுக் கொடுத்தாங்க. தனியா ஒரு மூலையில உக்கார வெச்சு, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, மூணு நாள் ஒரு வேலையும் செய்ய விடாம வெச்சிருப்பாங்கல்ல? எனக்கு அது கிடையாது. அன்னிக்குச் சாயந்திரம் அப்பா கை தட்டினாரு. நான் போயி நின்னேன். வயித்து வலியோட முட்டியை மடக்கிட்டு நாப்பது பசங்களுக்கு முன்னால நின்னேன். அன்னிக்கு எனக்கு அழுகை வந்துச்சு அம்மிணி. இத்தனை வருசத்துல இதை நான் வாயைத் திறந்து சொல்றது உங்ககிட்டத்தான்.

அப்பா பிரம்பை எடுத்து என் தலையைத் தொட்டாரு, சுகந்தி தலையைத் தொட்டாரு. கொஞ்சம் குனிஞ்சு பார்த்தாரு. அந்த எட்டு மாசத்துல சுகந்தி வளந்திருந்தா. என்னைத் தாண்டிட்டா. அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மெதுவா எனக்கு மட்டும் கேக்கற மாதிரிச் சொன்னாரு. "இனி நிமிந்து நின்னுக்க கண்ணு."

இப்பச் சொல்லுங்க. நான் மேடையில போயி நிக்கோணுமா?

இருங்க, இன்னும் முடியலை. உங்களுக்கு நேரமாகுதா? காப்பி ஆறுது, குடிங்க.

பொறகு ருக்குமணிக்குக் கல்யாணமாச்சு. அவளுக்குப் பார்த்துட்டு இருக்கறப்பவே சுகந்திக்கு பெங்களூர்ல இருந்து நல்ல இடம் வந்துச்சு, அதை விடக்கூடாதுன்னு அதையும் முடிச்சாங்க. நடுவுல நான். அப்புறம் அம்மா போயிட்டாங்க. எனக்கு இடம் வரலைன்னு சொல்ல முடியாது, வந்துச்சு. அப்பா வர்றவங்ககிட்ட, "அவளாட்டம் பொறுமைசாலி வேற யாரும் கிடையாது, அவ இல்லாம இந்த டியூஷன் நடக்காது"ம்பாரு. பெருமையாத்தான் சொல்லுவாரு. வந்தவங்க காப்பியைக் குடிச்சுட்டுப் போயிருவாங்க. ஒரு கட்டத்துக்கு மேல வர்றதும் நின்னு போச்சு. இந்தக் கூடத்தைத் தாண்டி நான் போனதெல்லாம் மார்க்கெட்டு, கோயில், அப்பாவுக்கு மருந்து.

இப்ப டியூஷன் நான்தான் எடுக்கறேன். அதே நோட்ஸ்தான், பதினாறாவது தடவை அச்சடிச்சாச்சு. ஆனா நான் அப்பா மாதிரி இல்லீங்க. வீதிப் புள்ளைக மூணு பேரை நிறுத்துவேன், ஆனா யாரையும் மடக்கச் சொன்னதே இல்லை. புள்ளை வளந்துருச்சுன்னா ஆளை மாத்திப்போடுவேன், அவ்வளவுதான். போன மாசம் தச்சர் வீட்டுப் புள்ளையை மாத்தினதுக்கு அது ரெண்டு நாள் அழுதுட்டு டியூஷனுக்கே வரலை. அதுக்கு நான் என்ன பண்ணறது? அதைவிட உசரமா ஒரு புள்ளை வந்துருச்சு. கணக்குன்னா கணக்கா இருக்கோணுமில்ல.

எங்கக்கா இருக்கறாளே, அவ ஒரு காரணமும் இல்லாம அப்பாகிட்ட முகம் கொடுத்துப் பேசமாட்டா. என்னன்னு கேட்டா நோட்ஸ்ல ரெண்டாம் பக்கம்ங்கறா. லேஸி, லேஸியர், லேஸியஸ்ட்னு வரும் பாருங்க, அங்க ஒரு மாத்தத்துக்காக அப்பா வரிசையைத் திருப்பி எழுதியிருப்பாரு. சுகந்தி சோம்பேறி, தேவகி அதைவிடச் சோம்பேறி, ருக்குமணி எல்லாரையும்விடச் சோம்பேறின்னு. சும்மா உதாரணத்துக்கு எழுதினது. அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளையோட தம்பி இங்க படிச்ச பையன். பெண் பார்க்கற அன்னிக்கே சபையில அதை எடுத்து விட்டுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சே. நாத்தனாருங்க இன்னிக்கு வரைக்கும் அவளை லேஸியஸ்ட்னுதான் கூப்பிடறாங்களாம். கூப்பிட்டா என்ன? ஒரு வார்த்தை தானே. எட்டு மாசம் முட்டி மடக்கி நின்னாளா அவ?

சின்னவளுக்கு அதுகூட இல்லை. எல்லாப் பக்கத்துலயும் அவதான் பெஸ்ட். கொடுத்து வெச்சவ.

சரி, சொல்லுங்க. என்னவோ வந்ததுல இருந்து சொல்ல வர்றீங்க, நான் விடாமப் பேசிட்டே இருக்கறேன். சொல்லுங்க.

யாரு? அக்காவா? எப்பச் சொன்னா? போன வாரமேவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. மேடை இல்லை, மண்டப வாசலுக்கே வரமாட்டேன்னுட்டாளா. என்னைவிட எல்லாரும் மேலன்னு ஊரே சொல்லி முடிச்சாச்சு, இன்னொரு தடவை கோரஸா வேண்டாம்னாளா? அப்படியா சொன்னா. ருக்குமணி அப்படியெல்லாம் பேசமாட்டாளே.

சுகந்தியுமா? அவளுக்கு என்னங்க? அழுதாளா, போன்லயா? ஏன்? மூணு வருசமா வீட்டுக்காரரைப் பிரிஞ்சு தனியா இருக்கறாளா. எங்களுக்குத் தெரியாதே. எங்கிட்டச் சொல்லலையே. அப்பாகிட்டயும் சொல்லலையே. போன தீபாவளிக்குக்கூட அவரு வேலையா இருக்கறாருன்னு சொல்லிட்டுத் தனியாத்தான் வந்தா. பெஸ்டுன்னு அச்சுல போட்டவ, கெட்டுப் போச்சுன்னு யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னு கேட்டாளா உங்ககிட்ட?

ஏன், என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல.

கஷ்டம்தான். இல்லைன்னு சொல்லலை. ஆனாலும் என்னைவிடவான்னு கேக்கறேன்.

அப்பா உள்ளதான் இருக்கறாரு, மெதுவாப் பேசுங்க. காலையில இருந்து மூணு பேரும் வந்தாச்சா, மூணு பேரும் வந்தாச்சான்னு கேட்டுட்டே இருக்கறாரு. அவருகிட்ட யாரு சொல்றது? நான்தான் சொல்லோணும். வேற யாரு இருக்கறா? அவரை மண்டபத்துக்குக் கூட்டிட்டு வர்றது, படியில ஏத்தறது, மூத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் நான்தான். நான் வராம விழா எப்படி நடக்கும்?

அப்ப நீங்க எதுக்கு அம்மிணி வந்தீங்க? அதையும் சொல்லிப்போடுங்க.

பாடம் வேண்டாமா. கோரஸ் வேண்டாமா. வரிசை கிரிசை ஒண்ணும் கிடையாது, அப்பா நாற்காலிக்குப் பக்கத்துல நான் ஒருத்தி மட்டும் சும்மா நின்னாப் போதும். இத்தனை வருசம் அவரைப் பார்த்துக்கிட்டதுக்கு எனக்கும் சேத்து ஒரு மாலை போடறீங்க. அதைக் கேக்கத்தான் வந்தீங்க. நான் இத்தனை நேரம் உங்களைப் பேச விடாம...

இல்லீங்க, அழலை. கண்ணுல என்னவோ விழுந்துருச்சு.

சந்தோசம்தானே, நீங்க கேட்டதுதானேன்னு பார்க்கறீங்க. ஆமாங்க, கேட்டதுதான். ஆனா அதெப்படி அம்மிணி? ஆயிரம் பேரு உக்காந்திருப்பாங்க. தேவகின்னு பேரைச் சொன்னதும் எல்லாரும் ரெண்டு பக்கமும் பார்ப்பாங்க. ஒருத்தரும் இல்லாம நான் மட்டும் மொட்டையா நின்னா என்னன்னு நினைப்பாங்க? நானுந்தான் என்னன்னு நினைச்சுட்டு நிக்கறது?

கொஞ்சம் எந்திரிங்க. டம்ளரை அப்படி வைங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இப்படிப் போர்டுக்கு முன்னால. என் பக்கத்துல நில்லுங்க. இன்னும் கிட்ட. நேராப் பாருங்க, சிரிக்காதீங்க.

என்னைவிட மூணு விரக்கட கம்மி. சரியாப் போச்சு, நீங்க இந்தப் பக்கம் நின்னுக்கங்க. அந்தப் பக்கத்துக்கு என்னைவிட உசரமா ஒரு ஆளை வேலுச்சாமிகிட்டப் பார்க்கச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் பரவாயில்லை அம்மிணி. தனியா நின்னு எனக்குப் பழக்கமில்லை.